பத்து மீட்டரில் ஒரே துளை: ஏர் ரைபிளும் பெல்லட்டும் பழகப் புதிதாக வருபவர்களுக்கு

போன ஆடியில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மாமா கேட்டார். "மாப்ள, வெளிநாட்டுல அவனவன் ஊட்டுலயே தோட்டா ரொப்பிக்கறானாமா. செல்லுல பார்த்தேன். மருந்து இத்தனை, குண்டு இத்தனைன்னு தராசு வெச்சு அளக்கறான். நம்ம காட்டுப் பன்னிக்கு அப்பிடி ஒண்ணு ரொப்பிக்க முடியுமா?"

மாமாவின் மக்காச்சோளக் காட்டைப் பன்றி உழுது போட்டிருந்த நேரம் அது. கோபம் நியாயம்தான். ஆனால் பதில் சுருக்கமானது: முடியாதுங்க மாமா. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் இருப்பதாலேயே வீட்டில் உட்கார்ந்து தோட்டா நிரப்பும் உரிமை வந்துவிடாது. வேட்டை என்றால் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. பன்றி, முயல், கௌதாரி, மயில் எதுவும் விலக்கில்லை. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் எழுதிக் கொடுப்பதுதான் வழி. அது எவ்வளவு மெதுவான வழி என்பது தோட்டம் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் வழி அதுதான்.

ஆனால் மாமாவை இழுத்தது மருந்து இல்லை, அந்தத் தராசு என்று எனக்குப் பட்டது. ஒரே அளவு, ஒரே எடை, ஒரே வேகம், அதனால் ஒரே துளை. அந்தக் கைவேலையின் ருசி முழுவதும், காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைபிளில் கிடைக்கும். மருந்தும் இல்லை, உயிர் போவதும் இல்லை. ஒலிம்பிக்கில் 50 மீட்டர் தூரத்தில் .22 துப்பாக்கி சுடுபவர்கள்கூடத் தோட்டாவைத் தாங்களே நிரப்புவதில்லை. விளிம்பில் மருந்து அடைத்து வரும் அந்தத் தோட்டா மறுபடி நிரப்பத் தோதானதும் இல்லை. அவர்கள் செய்வது, ஒரே தொழிற்சாலையின் பல லாட்டுகளை (ஒரே தடவையில் தயாரான தொகுதிகளை) தங்கள் துப்பாக்கிக் குழலில் சுட்டுப் பார்த்து ஒத்துப்போகிற லாட்டை மொத்தமாக வாங்கி வைப்பது. தோட்டா தயாரிக்கும் லாபுவா நிறுவனம் ஜெர்மனியில் அதற்கென்றே சோதனைக்கூடம் வைத்திருக்கிறது. நாம் அதே வேலையைச் சோமனூரில் ஓடாமல் கிடக்கும் தறிக் குடோனில் செய்யப்போகிறோம், அவ்வளவுதான்.

முதலில் சட்டம், பிறகு துப்பாக்கி

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரையும், குழல் வாயை விட்டுக் குண்டு கிளம்பும்போது இருக்கும் சக்தி 20 ஜூல் அளவையும் தாண்டாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. இந்த 20 ஜூல் என்பதை மனதில் வையுங்கள். போட்டிப் பெல்லட், அதாவது ஏர் ரைபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு, ஒன்று 0.53 கிராம். அது நொடிக்கு 275 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் 20 ஜூல் அளவைத் தொட்டுவிடும். கணக்கு எளிது: எடையைக் கிலோவாக்கி, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, பாதியாக்குங்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் வேகம் போட்டிருக்கும் துப்பாக்கிகளை இந்தக் கணக்கை வைத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்குங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். எடுத்துச் செல்லும்போது உறையில் போட்டு, பில் நகலும் கிளப் அட்டையும் கூடவே இருக்கட்டும். சோதனைச் சாவடியில் நிற்கும் காவலருக்கு உறைக்குள் இருப்பது ஏர் ரைபிளா வேறா என்று எப்படித் தெரியும்?

உரிமம் வேண்டாம் என்பதால் குருவி சுடலாம் என்று ஆகிவிடாது. ஏர்கன்னால் மைனாவைச் சுட்டாலும் அது வேட்டைதான்.

துப்பாக்கி இரண்டு வகை. ஒன்று ஸ்பிரிங் வைத்தது. குழலை மடக்கினால் ஸ்பிரிங் இறுகும், ட்ரிகரை இழுத்தால் பிஸ்டன் பாய்ந்து காற்றை அழுத்தும். திருவிழாவில் பலூன் சுடுகிற கடையில் நாமெல்லாம் பிடித்துப் பார்த்தது இந்த வகைதான். மற்றது சிலிண்டரில் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து வைத்து, ஒவ்வொரு சூட்டுக்கும் அளந்து விடுவது, இதை பி.சி.பி. என்பார்கள். இன்றைக்குப் போட்டியில் ஓடுவதெல்லாம் இதுதான். விலை பல மடங்கு. புதிதாக வருபவர் இரண்டில் எதையும் வாங்க வேண்டாம் என்பேன். மாவட்ட ரைபிள் கிளப்பில் சேர்ந்து, முதல் மூன்று மாதம் அங்கே இருக்கும் துப்பாக்கியைச் சுடுங்கள். ஆசைப்பட்டு வாங்கி, கட்டிலுக்கடியில் கிடக்கும் ஏர் ரைபிள்கள் கோவையிலும் திருப்பூரிலும் எத்தனையோ.

பி.சி.பி. வைத்திருப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான சொல். காற்று அடைக்க, முக்குளிப்பவர்கள் முதுகில் கட்டும் ஸ்கூபா சிலிண்டர் அல்லது அதற்கான கைப் பம்பு மட்டும். நம் ஊரில் தெருவுக்கு ஒரு வெல்டிங் பட்டறை, பட்டறைக்கு இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர். "அதுலயும் காத்துத்தானே இருக்குது" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அழுத்தமான ஆக்சிஜன் ஒரு துளி எண்ணெயைத் தொட்டால் வெடிக்கும். சிலிண்டரின் மேல் செல்லுபடித் தேதி பொறித்திருக்கும். தேதி தாண்டிய சிலிண்டரைப் போட்டிக்குக் கொண்டுபோக முடியாது, வீட்டிலும் அடைக்கக் கூடாது.

இடம் அமைப்பது

சுடும் கோட்டிலிருந்து டார்கெட் முகம் வரை சரியாகப் பத்து மீட்டர். டார்கெட்டின் நடு, தரையிலிருந்து 1.4 மீட்டர். எங்களுடையது பழைய தறிக் குடோன். தறிகளை எடைக்குப் போட்டபின் நீளமாக ஒரு கூடம் மிஞ்சியது. தோட்டத்துச் சாளையின் பின்புறமோ கோழிப்பண்ணைக் கொட்டகையோ இருந்தாலும் போதும், மேலே கூரையும் பக்கத்தில் சுவரும் இருக்கவேண்டும். ஏனென்றால் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலையையே சுழற்றுகிறது. அரை கிராம் பெல்லட்டை விட்டுவைக்குமா? திறந்த மொட்டைமாடியில் அந்த இரண்டு மாதம் எடுத்த எந்த அளவும் குப்பை.

டார்கெட்டுக்குப் பின்னால் பெல்லட் பொறி. லேத் பட்டறையில் சொன்னால் இரும்புத் தகட்டை மேலிருந்து உள்நோக்கிச் சாய்த்து, கீழே தட்டு வைத்த பெட்டியாக வளைத்துக் கொடுப்பார்கள். சாய்வுதான் முக்கியம், செங்குத்தான தகட்டில் பட்ட ஈயம் சிதறித் திரும்பி வரும். பெட்டிக்குப் பின்னால் பழைய பஞ்சு மூட்டை இரண்டு நிறுத்துங்கள். டார்கெட் பக்கம் ஒரு கதவு இருந்தால் உட்பக்கம் தாழ் போட்டு, வெளியே ஒரு சிவப்புத் துணி தொங்கட்டும். எங்கள் குடோனில் முதல் வாரமே ஓர் அம்மணி ஆட்டைத் தேடிக்கொண்டு பின்கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டார். நல்லவேளை, துப்பாக்கி அப்போது மேசைமேல் இருந்தது. அன்றைக்கே தாழ் போட்டோம்.

வெளிச்சம் டார்கெட்டின் மேல் குறைந்தது 1500 லக்ஸ் விழவேண்டும். செல்பேசிச் செயலியில் தோராயமாக அளக்கலாம். ஒரு எல்.ஈ.டி. விளக்கை டார்கெட்டின் முன்னால், நம் கண்ணில் படாத மாதிரி மறைப்பு வைத்துப் பொருத்தினால் சரியாகிவிடும். கண் கண்ணாடி எல்லோருக்கும், பார்க்க வந்தவருக்கும்.

பத்து என்பது எவ்வளவு பெரியது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் தராசைத் தொட வேண்டாம். டார்கெட்டின் மொத்த விட்டம் 45.5 மி.மீ. நடுவில் இருக்கும், பத்து மதிப்பெண் தரும் புள்ளி 0.5 மி.மீ. மட்டுமே. கடுகில் மூன்றில் ஒரு பங்கு. புதிதாக வருகிறவர் அதைப் பார்த்தே மிரண்டுபோவார். ஆனால் பெல்லட்டின் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே பத்து. பெல்லட்டின் விட்டம் 4.5. ஆகவே துளையின் நடு, புள்ளியின் நடுவிலிருந்து 2.5 மி.மீ. தள்ளி இருந்தாலும் பத்து கிடைக்கும். எல்லாமே பத்தாக விழுந்த துளைகளின் கூட்டத்தை வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்தால் 9.5 மி.மீ. வரலாம். சட்டைப் பித்தான் ஒன்றால் மூடிவிடலாம். இதற்குள்ளே மறுபடி தசமக் கணக்கு: நடுவுக்கு ஒவ்வொரு 0.25 மி.மீ. நெருங்கும்போதும் 0.1 கூடும், உச்சம் 10.9. அறுபது சூட்டுக்கு 654 முழு மதிப்பெண்.

2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் பத்து மீட்டரில்தான். கடைசிச் சூட்டுக்கு முன் பின்லாந்துக்காரரும் அவரும் சமம். பிந்த்ரா அடித்தது 10.8, மற்றவர் 9.7. இரண்டு துளைக்கும் நடுவுக்கும் இருந்த தூர வித்தியாசம் மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகப் போட்டிகளில் பதக்கம் வாங்குவதும் இதே காகிதத்தில்தான்.

பெல்லட்டைத் தேர்ந்தெடுப்பது

பெல்லட்டை உடுக்கை என்று நினைத்துக்கொள்ளுங்கள்: முன்னால் தலை, நடுவில் இடுப்பு, பின்னால் மெல்லிய பாவாடை. காற்று பாவாடைக்குள் புகுந்து விரித்து, குழலின் வரிகளோடு ஒட்டச் செய்கிறது. காகிதத்துக்குத் தட்டைத் தலைதான். அதுதான் வட்டமாக, கத்தரித்தமாதிரி துளை போடும். கூர்த்தலை, உருண்டைத் தலை எல்லாம் காகிதத்தைக் கிழிக்கும், மதிப்பெண் பார்க்க முடியாது.

போட்டி ரைபிளுக்குப் பொதுவாக 0.53 கிராம், அதாவது 8.2 கிரெய்ன். பிஸ்டலுக்கு 0.45, 0.49 என்று இளைத்தது. தலையின் விட்டம் 4.48இலிருந்து 4.52 வரை பல அளவில் வரும்; டின்னின் அடியில் ஒட்டுத்தாளில் போட்டிருப்பார்கள். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஜே.எஸ்.பி. மேட்ச் ஆகியவை கிளப்புகளில் அடிக்கடி காணக்கூடியவை. ஒரு டின்னில் ஐந்நூறு.

"எது நல்லதுங்க?" என்று எல்லோரும் கேட்கும் கேள்விக்கு விடை டின்னில் இல்லை, உங்கள் குழலில் இருக்கிறது. பக்கத்து லேனில் சுடுபவரின் அதே கம்பெனித் துப்பாக்கிக்கு 4.50 பிடிக்கும், உங்களுடையதற்கு 4.49 பிடிக்கும். ஆகவே முதலில் மூன்று வகையில் ஒவ்வொரு டின் வாங்கிச் சோதியுங்கள். முடிந்தால் கிளப்பில் நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள், செலவு கால்வாசி.

தராசு வேலை

இனி மாமாவுக்குப் பிடித்த பகுதி. ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு வேண்டும். சமையலறைத் தராசு உதவாது. கோவை ராஜ வீதிப் பக்கம் நகைப்பட்டறைகளுக்குத் தராசு விற்கும் கடைகளில் கேளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தராசைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சோதனைக் கல் வைத்துச் சரிபார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பக்கத்தில் தறி ஓடினால் எண் நிற்கவே நிற்காது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் நிறுப்போம்.

நிறுப்பதற்கு முன் கண்ணால் பாருங்கள். வெள்ளைத் துணியில் நூறு பெல்லட்டைக் கொட்டி, ஒவ்வொன்றின் பாவாடையையும் வெளிச்சத்தில் திருப்புங்கள். நசுங்கியது, வெட்டுப்பட்டது, உள்ளே ஈயத்துணுக்கு ஒட்டியது எல்லாம் தனியே. பிறகு ஒரு கண்ணாடிப் பலகையைச் சற்றே சாய்த்து உருட்டிவிடுங்கள். தலையும் பாவாடையும் ஒரே அளவில்லை என்பதால் எல்லாமே வளைந்துதான் ஓடும், ஆனால் ஒரே வளைவில் ஓடவேண்டும். கோணிக்கொண்டு போவதைப் பழகுவதற்கென்று ஒதுக்குங்கள். மிச்சத்தை நிறுத்து, மில்லிகிராம் வாரியாகப் பழைய மாத்திரை டப்பாக்களில் பிரியுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நல்ல போட்டிப் பெல்லட்டில் எடை பிரிப்பதால் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. மலிவுப் பெல்லட்டில் லாபம் நிறைய, ஆனால் அதில் பாதியை ஒதுக்கவேண்டிவரும், அதற்கு நல்லதையே வாங்கியிருக்கலாம். நசுங்கிய பாவாடையைப் பொறுக்குவதுதான் உருப்படியான வேலை. தராசைக் கையில் எடுப்பவர்கள் அது தரும் அமைதிக்காக எடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். எனக்கும் அப்படித்தான்.

வேகத்தை அளப்பது

குரோனோகிராஃப் என்பது இரண்டு ஒளிக்கண்களுக்கு நடுவே பெல்லட் கடக்கும் நேரத்தை அளந்து வேகத்தைச் சொல்லும் பெட்டி. கிளப்பில் ஒன்று இருந்தால் கடன் வாங்குங்கள். வருடத்துக்கு இரண்டு முறை போதும். குழல் வாயிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே தூரத்தில் வையுங்கள். சிலிண்டர் துப்பாக்கி நெடுநேரம் சும்மா இருந்தால் முதல் இரண்டு மூன்று சூடு வேகம் தாறுமாறாக இருக்கலாம். அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு பத்துச் சூட்டின் வேகத்தை எழுதுங்கள்.

போட்டி ரைபிள் நொடிக்கு 170 முதல் 175 மீட்டருக்குள் ஓடும். சக்தி ஏறக்குறைய 8 ஜூல்தான். "இவ்வளவுதானா? பலூன் கடைத் துப்பாக்கியே இதைவிட அடிக்குமே" என்று கேட்பார்கள். அடிக்கட்டும். வேகம் ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க இந்த உடுக்கை வடிவம் தள்ளாட ஆரம்பித்துவிடும். நமக்கு வேண்டியது, பத்தாவது சூடும் முதல் சூட்டைப் போலவே போவது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 172 மீட்டர் வேகத்தில் பத்து மீட்டர் கடக்க 58 மில்லிநொடி. அந்த நேரத்தில் பூமி இழுப்பதால் பெல்லட் 16.6 மி.மீ. கீழே இறங்குகிறது. வேகம் 169 ஆகக் குறைந்தால் 59 மில்லிநொடி, இறக்கம் 17.2 மி.மீ. வித்தியாசம் 0.6 மி.மீ. தசமக் கணக்கில் 0.2க்குச் சற்று மேல். ஆகவே பத்துச் சூட்டில் மிக அதிகத்துக்கும் மிகக் குறைவுக்கும் இடையில் மூன்று மீட்டர் இருந்தால் புதியவர் கவலைப்படவே தேவையில்லை. பத்து மீட்டர் வித்தியாசம் வந்தால் துப்பாக்கியில் கோளாறு: சீல் தேய்ந்திருக்கும், ரெகுலேட்டர் சரியில்லை, அல்லது ஸ்பிரிங் துப்பாக்கியில் யாரோ எண்ணெயை ஊற்றியிருப்பார்கள். பிஸ்டன் அறைக்குள் புகுந்த எண்ணெய் அழுத்தத்தில் டீசல் எஞ்சின் மாதிரி பற்றிக்கொள்ளும். 'டப்'பென்று சத்தமும் குழல் வாயில் புகையும் வந்தால் அதுதான். ஸ்பிரிங் துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போடுகிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன், மரியாதையாகத் தடுத்துவிடுங்கள்.

கூட்டம் பார்ப்பது

பலூன் கடையில் கற்ற பாடம் ஒன்று இங்கே உதவும். நடுப் பலூனைக் குறிபார்த்தால் இடது பலூன் வெடிக்கும். மறுபடி குறிபார்த்தால் மறுபடி இடதுதான். அந்தத் துப்பாக்கி கெட்டதில்லை, அதன் சைட்தான், அதாவது குறிபார்க்கும் பாகம்தான், வளைந்திருக்கிறது. ஒரே இடத்தில் விழுகிறதா என்பது ஒரு கேள்வி. அந்த இடம் நடுவா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பெல்லட் சோதனை, இரண்டாவதற்கு சைட் திருகு. இரண்டையும் ஒரே நாளில் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

சிலிண்டர் துப்பாக்கியானால் கட்டை வைத்த இடுக்கியில் மெதுவாகப் பிடித்துச் சுடலாம். ஸ்பிரிங் துப்பாக்கியை இடுக்கியில் இறுக்காதீர்கள். பிஸ்டன் பாயும்போது அது பின்னும் முன்னும் துள்ளும்; துள்ள விடாமல் இறுக்கினால் கூட்டம் சிதறும். இடது உள்ளங்கையை ஒரு மெத்துப் பையின்மேல் வைத்து, அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்தி, இறுக்காமல் சுடவேண்டும். அந்தப் பையை நாங்கள் பனியன் துணியில் தைத்துக் கொள்ளு நிரப்பி வைத்திருக்கிறோம். மணலைவிடக் கை பதிகிறது. எலி மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

டார்கெட் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி. பின்னால் பனியன் பெட்டி அட்டை ஒன்றை ஒட்டினால் துளை சுத்தமாக விழும். ஒரு வகைப் பெல்லட்டில் முதலில் பத்துப் பெல்லட்டைச் சும்மா சுட்டுத் தீருங்கள், குழலுக்குப் பழகட்டும். பிறகு பத்துச் சூடு ஒரே புள்ளியில். அதேபோல் ஐந்து காகிதம். மூன்று சூட்டில் அழகான கூட்டம் எதேச்சையாகவும் வரும், அதைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புபவர்களை நம்பாதீர்கள். வெர்னியர் காலிப்பரால் தூரத்தில் இருக்கும் இரண்டு துளைகளின் வெளி விளிம்பை அளந்து 4.5ஐக் கழித்தால் நடுவிலிருந்து நடுவுக்கான அளவு கிடைக்கும். ஐந்து காகிதத்தின் சராசரியையும் எழுதுங்கள், மோசமானதையும் எழுதுங்கள். இரண்டு பெல்லட்டுக்கிடையே சராசரி சமமானால், மோசமான காகிதம் எதற்குச் சின்னதோ அதை வாங்குங்கள்.

பழைய ஸ்பிரிங் துப்பாக்கியில் இந்தச் சோதனை பெரிய வித்தியாசத்தைக் காட்டும். ஒரு டின் பித்தான் அளவு, இன்னொரு டின் ஐந்து ரூபாய் நாணய அளவு என்றுகூட வரும். போட்டித் துப்பாக்கியில் எல்லாமே பித்தானுக்குள் அடங்கிவிடும். அப்படி அடங்கினால் சோதனையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நின்று சுடும்போது நம் கை ஆடுவது இதைவிடப் பல மடங்கு.

சைட்டைத் திருப்புவது

பின் சைட்டில் சின்னத் துளை, முன் சைட்டில் வளையம், அதற்குள் டார்கெட்டின் கறுப்பு. இதைத்தான் கிளப்பில் பீப் சைட் என்பார்கள். வளையத்துக்கும் கறுப்புக்கும் இடையே தாராளமாக வெள்ளை தெரியவேண்டும். இறுக்கமான வளையம் துல்லியம் தரும் என்று தோன்றும். நடைமுறையில் கறுப்பு விளிம்பைத் தொடும்போதெல்லாம் மனம் பதறி விரல் நின்றுவிடும். பார்வை கூர்மையாக நிற்கவேண்டியது முன் வளையத்தில். கறுப்பு மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை.

ஐந்து சுடுங்கள், கூட்டத்தின் நடுவைக் குறியுங்கள். ஒரு திருகைப் பத்து கிளிக் திருப்பி மறுபடி ஐந்து. இரண்டு நடுவுக்கும் உள்ள தூரத்தைப் பத்தால் வகுத்தால் உங்கள் சைட்டில் ஒரு கிளிக் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியும். எந்தப் பக்கம் திருப்பினால் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் சேர்த்துச் சீட்டில் எழுதி உறைக்குள் ஒட்டுங்கள். திருகின்மேல் இருக்கும் எழுத்துகளை நம்பித் தடுமாறுவதைவிட இது மேல்.

நின்று சுடுவது

இதை எழுத்தில் முழுவதும் சொல்ல முடியாது, பயிற்சியாளர் பக்கத்தில் நின்று தோளைத் திருத்தவேண்டிய விஷயம். அடிப்படை மட்டும்: வலக்கைக்காரர் டார்கெட்டுக்கு இடது தோளைக் காட்டி நின்று, இடது முழங்கையை இடுப்பெலும்பின்மேல் ஊன்றவேண்டும். துப்பாக்கி 5.5 கிலோ வரை இருக்கலாம். அதைத் தசை தூக்கக் கூடாது, எலும்பு தாங்கவேண்டும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும் பெண்களின் நிற்கும் விதத்தைக் கவனித்தால் புரியும். இடுப்பு சற்று முன்னே, முதுகு சற்றுப் பின்னே. கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, திறந்து பாருங்கள். வளையம் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் உடம்பு இயல்பாகப் பார்க்கும் இடம். அது டார்கெட்டை விட்டு விலகியிருந்தால் கையால் தள்ளாதீர்கள், பின்காலைக் கொஞ்சம் நகர்த்துங்கள்.

ட்ரிகரை இழுத்தபின்பும் ஒரு நொடி அப்படியே நிற்கவேண்டும். பெல்லட் குழலை விட்டுப் போக நேரம் எடுக்கிறது; வேகம் குறைந்த துப்பாக்கி என்பதால் இது இன்னும் முக்கியம். சுட்டவுடன் தலையைத் தூக்கி எங்கே பட்டது என்று பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வரும். எனக்குப் போக ஆறு மாதம் ஆனது. ட்ரை ஃபயர் வசதியுள்ள துப்பாக்கியில் பெல்லட் போடாமல் தினம் இருபது நிமிடம் வெற்றுச் சுவரைப் பார்த்து நின்று பழகினால் டின் டின்னாக ஈயம் மிச்சமாகும்.

துடைப்பதும் கை கழுவுவதும்

ஏர் ரைபிள் குழலை அடிக்கடி தேய்க்க வேண்டாம். இரண்டு டின்னுக்கு ஒருமுறை சுத்தம் செய்யும் பஞ்சுப் பெல்லட் இரண்டைச் செலுத்தினால் போதும். வெளிப்பக்கம் துடைக்க உலகத்திலேயே சிறந்த துணி நமக்கு எடைக்குக் கிடைக்கிறது: திருப்பூர்ப் பனியன் வேஸ்ட். வெள்ளையாகப் பார்த்து, சாயம் ஏறாததாக எடுங்கள்.

ஈயம் விஷம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடாதீர்கள். பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு நிற்கும் பழக்கம் பழைய ஏர்கன்காரர்களிடம் உண்டு, அதைப் பார்த்துக் கற்காதீர்கள். பொறியில் சேரும் ஈயத்தை வீட்டில் உருக்கக் கூடாது. மூடிய டப்பாவில் சேர்த்துப் பழைய பேட்டரி வாங்குகிறவரிடம் கொடுத்துவிடலாம். குடோன் தரையை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

போட்டிக்குப் போக ஆசை வந்தால் கிளப் வழியாகத்தான் போகவேண்டும். மாநிலப் போட்டி, அதில் தேறினால் தேசியத்துக்கு முந்தைய சுற்று, பிறகு தேசியம். தேசிய ரைபிள் சங்கம் 1951இல் தொடங்கியது. அதன் முதல் தலைவர் மக்களவை முதல் சபாநாயகர் மாவ்லங்கர். தகுதிச்சுற்றுப் போட்டி ஒன்று அவர் பெயரிலேயே நடக்கிறது. பீப் சைட் துப்பாக்கி வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஓபன் சைட் (துளையில்லாத சாதாரண சைட்) பிரிவும் உண்டு. தொடங்க அதுவே தோது.

மாமா போன மாதம் குடோனுக்கு வந்திருந்தார். சுடும்போது போடும் ஜாக்கெட் எல்லாம் வேண்டாம் என்று வேட்டியை மடித்துக்கட்டி நின்று பத்துச் சுட்டார். நாலு கறுப்பில், ஐந்து வெள்ளையில், ஒன்றைக் காகிதத்தில் காணோம். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தராசிருந்த மேசைக்குப் போய் உட்கார்ந்தார். மதியம் வரை ஒரு டின்னில் முந்நூறு பெல்லட்டை நிறுத்துப் பிரித்துவிட்டு, டப்பாக்களின்மேல் எண் எழுத ஸ்கெட்ச் பேனா இருக்கிறதா என்று கேட்டார்.